ஜெராக்ஸ் மெஷினுக்கு ஞாபகசக்தி அதிகம்... திருப்பி அனுப்பும் முன் இதைச் செய்தீர்களா?

``சார்... ஒரிஜினலை மெஷின்லயே விட்டுட்டுப் போறீங்க!''

ஜெராக்ஸ் கடையில் இந்தக் குரலைக் கேட்காதவர்கள் குறைவு. ரேஷன் கார்டோ, டி.சி-யோ, வீட்டுப் பத்திரமோ... நகல் கைக்கு வந்த அவசரத்தில் ஒரிஜினல் மூடிக்கு அடியிலேயே தங்கிவிடும். பாதி வழி போனவர் பதறியடித்துக்கொண்டு திரும்பி வருவார். மூடியைத் தூக்கினால் காகிதம் பத்திரமாக இருக்கும். `அப்பாடா' என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஆனால், அதே காகிதத்தின் இன்னொரு பிரதி மெஷினுக்குள் தங்கியிருக்கலாம். மூடியைத் தூக்கினால் அது தெரியாது. அலுவலகங்களில் ஆள் உயரத்துக்கு நிற்கும் டிஜிட்டல் காப்பியர்களில் பெரும்பாலானவற்றுக்குள், கம்ப்யூட்டரில் இருப்பதைப் போலவே ஒரு ஹார்ட் டிஸ்க் உண்டு. நகல் எடுத்தது, ஸ்கேன் செய்தது, பிரின்ட் கொடுத்தது, ஃபேக்ஸ் அனுப்பியது என எல்லாம் அதன் வழியாகத்தான் போகின்றன.

இந்தப் பெரிய மெஷின்களைப் பல அலுவலகங்கள் விலைக்கு வாங்குவதில்லை. மாத வாடகைக்கு, அதாவது லீஸுக்கு எடுக்கின்றன. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வேன் வரும். பழைய மெஷின் ஏறும், புது மெஷின் இறங்கும். டோனர் மிச்சம் இருக்கிறதா, மீட்டர் ரீடிங் சரியா என்று பார்ப்பவர்கள், உள்ளே இருக்கும் டிஸ்க்கைப் பற்றிக் கேட்பதில்லை.

அப்படிக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2010-ம் ஆண்டு அமெரிக்கா நேரில் பார்த்தது.

நியூஜெர்சி கிடங்கில் நான்கு மெஷின்கள்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு கிடங்கு. லீஸ் முடிந்து திரும்பிய சுமார் 6,000 பழைய காப்பியர்கள் அங்கே விற்பனைக்குக் காத்திருந்தன. 2010 பிப்ரவரியில் சி.பி.எஸ் தொலைக்காட்சியின் செய்திக் குழு அங்கே போனது. காப்பியர்களில் தங்கும் தகவல்களை அழிக்கும் மென்பொருள் நிறுவனம் ஒன்றை நடத்திவந்தவரும் உடன் சென்றார்.

நான்கு மெஷின்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 300 டாலர். விலையையும், அதுவரை எத்தனை பக்கங்கள் ஓடியிருக்கிறது என்ற கணக்கையும் மட்டுமே பார்த்து எடுத்தார்கள். எந்த மெஷின் எந்த அலுவலகத்திலிருந்து வந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

முதல் மெஷினின் முகவரியைக் கண்டுபிடிக்க ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே தேவைப்படவில்லை. மூடியைத் தூக்கினால், கண்ணாடி மேல் யாரோ மறந்துவிட்டுப்போன காகிதங்கள். நியூயார்க் மாநிலம் பஃபலோ நகரக் காவல்துறையின் பாலியல் குற்றப் பிரிவுக்குச் சொந்தமானவை அவை!

அரை மணி நேரத்தில் நான்கு மெஷின்களின் டிஸ்க்குகளும் வெளியே வந்தன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைக் கொண்டு அவற்றைத் துழாவினார்கள். 12 மணி நேரத்துக்குள் பல்லாயிரக்கணக்கான ஆவணங்கள் திரையில் வரிசைகட்டின.

பாலியல் குற்றப் பிரிவின் மெஷினில், குடும்ப வன்முறைப் புகார்களின் விவரங்களும், தேடப்படும் பாலியல் குற்றவாளிகளின் பட்டியலும். அதே பஃபலோவின் போதைப்பொருள் தடுப்புப் பிரிவிலிருந்து வந்த இரண்டாவது மெஷினில், ஒரு பெரிய ரெய்டில் யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்ற பட்டியல். நியூயார்க்கின் கட்டுமான நிறுவனம் ஒன்றிலிருந்து வந்த மூன்றாவது மெஷினில், மன்ஹாட்டனில் இரட்டைக் கோபுரங்கள் இருந்த இடத்துக்கு அருகே எழவிருந்த கட்டடத்தின் வரைபடங்கள். கூடவே, ஊழியர்களின் பெயர், முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் அடங்கிய 95 பக்க சம்பள ரசீதுகள். 40,000 டாலர் மதிப்புள்ள காசோலைகளின் நகல்கள். சமூகப் பாதுகாப்பு எண் என்பது அங்கே வங்கி, வேலை, வரி என எல்லாவற்றுக்கும் கேட்கப்படும் அடையாள எண். அது கிடைத்தால், இன்னொருவர் பெயரில் கடன் வாங்குவது மோசடிக்காரர்களுக்குச் சுலபம்.

நான்காவது மெஷின்தான் அதிகம் பேசப்பட்டது. நியூயார்க்கில் இயங்கிய `அஃபினிட்டி ஹெல்த் பிளான்' என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து திரும்பிய மெஷின் அது. தனிநபர்களின் மருத்துவ ஆவணங்கள் மட்டும் 300 பக்கங்கள் அதில் கிடைத்தன. மருந்துச் சீட்டுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஒருவருக்குப் புற்றுநோய் என்று உறுதிசெய்யும் அறிக்கை...

தனக்குப் புற்றுநோய் என்பதை வீட்டில் யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்று அந்த மனிதர் யோசித்துக்கொண்டிருந்திருக்கலாம். அவருடைய அறிக்கையோ 300 டாலருக்கு யார் வேண்டுமானாலும் வாங்கிப்போகும் நிலையில் கிடங்கில் கிடந்தது. செய்திக் குழு அங்கே சென்ற அன்று, பழைய காப்பியர்கள் நிரம்பிய இரண்டு கன்டெய்னர்கள் அர்ஜென்டினாவுக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்தன.

2010 ஏப்ரலில் செய்தி ஒளிபரப்பானதும் அமெரிக்காவில் பெரிய சலசலப்பு. `ஜெராக்ஸ் மெஷினுக்குள் ஹார்ட் டிஸ்க்கா?' என்பதே பலருக்கு அதிர்ச்சி. ஷார்ப் நிறுவனம் 2008-ல் எடுத்த ஆய்விலேயே, காப்பியர்கள் படங்களைச் சேமிக்கின்றன என்பது அமெரிக்கர்களில் 60 சதவிகிதம் பேருக்குத் தெரியாது என்று வந்திருந்தது.

மெஷின் ஏன் ஞாபகம் வைத்துக்கொள்கிறது?

பழைய காலத்து ஜெராக்ஸ் மெஷினுக்கு ஞாபகமே கிடையாது. 1959-ல் வந்த `ஜெராக்ஸ் 914'தான் அலுவலகங்களை மாற்றிய முதல் பெரிய காப்பியர். காகிதத்தின் மேல் வெளிச்சம் பட்டு, அந்த பிம்பம் உள்ளே இருக்கும் உருளையில் விழும். மின்னேற்றம் இருக்கும் இடத்தில் கரித்தூள் ஒட்டும். அந்தத் தூள் வெள்ளைத்தாளுக்கு மாறி, சூட்டில் உருகிப் படியும். அடுத்த பக்கம் வந்ததும் உருளையில் முந்தைய பிம்பம் இருக்காது. பத்து நகல் வேண்டுமென்றால், பத்து முறை வெளிச்சம் அடிக்க வேண்டும்.

இன்றைய மெஷின் வேலை செய்யும் விதமே வேறு. முதலில் காகிதத்தைப் படம் பிடிக்கிறது. அந்தப் படத்தை ஒரு ஃபைலாக்குகிறது. பிறகு அந்த ஃபைலை பிரின்ட் எடுக்கிறது. 40 பக்க அறிக்கையை 25 பேருக்குத் தனித்தனி செட்டாகப் பிரித்துத் தரச் சொன்னால், 40 பக்கங்களையும் ஒரே ஒரு முறை படித்து நினைவில் வைத்துக்கொண்டால்தானே வரிசை மாறாமல் 25 முறை அடிக்க முடியும்? ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் தங்கள் சீட்டிலிருந்தே பிரின்ட் கொடுத்தால், அவற்றை க்யூவில் நிறுத்தவும் ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் ஹார்ட் டிஸ்க்.

ஆவணங்கள் மட்டுமல்ல. அடிக்கடி ஃபேக்ஸ் அனுப்பும் எண்கள், ஸ்கேன் செய்து அனுப்பும் இ-மெயில் முகவரிகள், யார் எப்போது என்ன பிரின்ட் எடுத்தார் என்ற பதிவு, ஸ்கேன் செய்ததை ஆபீஸ் சர்வரில் போடுவதற்கான யூசர் நேம், பாஸ்வேர்டு என எல்லாம் மெஷினுக்குள் குடியிருக்கின்றன. பல மெஷின்களில், வேண்டிய ஃபைலைச் சேமித்து வைத்து மறுபடி பிரின்ட் எடுத்துக்கொள்ள `டாகுமென்ட் பாக்ஸ்' வசதியும் உண்டு. வேலையை விட்டுப்போன ஊழியரின் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதில் ஓர் ஆறுதல். எல்லா மெஷினிலும் ஹார்ட் டிஸ்க் இருக்காது. வீட்டு மேஜையில் வைக்கும் சிறிய பிரின்டர்களில் பெரும்பாலும் தற்காலிக மெமரி மட்டுமே இருக்கும். மின்சாரத்தை நிறுத்தினால், பக்கத்தின் படம் போய்விடும். அதேபோல, இதுவரை எடுத்த எல்லா நகலும் டிஸ்க்கில் அப்படியே இருக்கும் என்பதும் இல்லை. புதிய வேலைகள் பழையவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டே வரும். ஆனால் எது போயிருக்கிறது, எது மிச்சம் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

3,44,579 பேருக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது

தங்கள் மெஷினிலிருந்து நோயாளிகளின் ஆவணங்கள் கிடைத்த விஷயமே, சி.பி.எஸ் தரப்பிலிருந்து சொல்லப்பட்ட பிறகுதான் அஃபினிட்டி நிறுவனத்துக்குத் தெரியவந்தது. சட்டப்படி அது அமெரிக்கச் சுகாதாரத் துறைக்குத் தகவல் தெரிவித்தது. அந்த நிறுவனம் லீஸுக்கு எடுத்துத் திருப்பி அனுப்பியது ஒரு மெஷினை மட்டுமல்ல, பல மெஷின்களை. ஆகவே, பாதிப்பு 3,44,579 பேர் வரை இருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது.

விசாரணை முடிந்து 2013 ஆகஸ்ட்டில் தீர்வு வந்தது. 12,15,780 டாலர் செலுத்த அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அன்றைய மதிப்பில் ஏழு கோடி ரூபாய்க்கும் மேல்.

அதில் விசாரணை அதிகாரிகள் சுட்டிக்காட்டிய இரண்டு குறைகள் முக்கியமானவை. ஒன்று, டிஸ்க்கை அழிக்காமலேயே மெஷின்களை லீஸ் நிறுவனத்திடம் திருப்பித் தந்தது. இரண்டாவது, `எங்கெல்லாம் நோயாளிகளின் தகவல் தங்குகிறது, எங்கிருந்து கசியலாம்' என்று பட்டியல் போட்டு ஆராய வேண்டிய கட்டாயம் இருந்தும், அந்தப் பட்டியலில் காப்பியரைச் சேர்க்காமலே விட்டது. பணத்தோடு முடியவில்லை. லீஸ் நிறுவனத்தின் வசம் இன்னும் இருக்கும் பழைய டிஸ்க்குகள் அனைத்தையும் மீட்க முழு முயற்சி எடுக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கப்பட்டது.

பட்டியலில் காப்பியர் ஏன் வரவில்லை? எந்த அலுவலகத்திலும் நடக்கக்கூடியதுதான். கம்ப்யூட்டர், லேப்டாப், சர்வர் எல்லாம் ஐ.டி பிரிவின் பொறுப்பு. காப்பியரோ மேஜை, நாற்காலி, ஏ.சி-யைப் போல நிர்வாகப் பிரிவின் கணக்கில் இருக்கும். பழைய லேப்டாப்பை வெளியே அனுப்பும்போது பத்து முறை யோசிக்கும் அலுவலகம், அதைவிட அதிக ரகசியங்களைப் பார்த்த காப்பியரை `கேட் பாஸ்' போட்டு அனுப்பிவிடும்.

இந்த விவகாரத்தில், அன்றைக்கு நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்த எட் மார்க்கி, நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய வர்த்தக ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆணையம் 2010-ம் ஆண்டிலேயே நிறுவனங்களுக்காக ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. காப்பியரையும் ஒரு கம்ப்யூட்டராகவே நினைத்து, ஐ.டி பிரிவின் பொறுப்பில் விடுங்கள் என்பது அதன் முக்கியமான யோசனைகளில் ஒன்று.

டெலீட் வேறு... அழிப்பு வேறு!

``அதான் எல்லா ஃபைலையும் டெலீட் பண்ணிட்டோமே'' என்று சிலர் சொல்வார்கள். அங்கேதான் ஏமாந்துபோகிறோம்.

ஒரு தடிமனான புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் பொருளடக்கம். `ஆறாவது அத்தியாயம், 112-ம் பக்கம்' என்று இருக்கும் வரியை மட்டும் அடித்துவிட்டால், அந்த அத்தியாயம் காணாமல் போய்விடுமா? ஃபைலை டெலீட் செய்யும்போது ஹார்ட் டிஸ்க்கில் நடப்பது ஏறக்குறைய இதுதான். பட்டியலில் பெயர் போய்விடும். பக்கங்கள் அப்படியே இருக்கும். வேறு ஏதாவது அதன் மேல் எழுதப்படும் வரை, மீட்பு மென்பொருளால் அவற்றைத் திரும்ப எடுக்க முடியும். சாதாரணமாக ஃபார்மேட் செய்தாலும் பல நேரங்களில் இதே கதைதான்.

முறையாக அழிப்பதற்கு மூன்று வழிகள் உண்டு.

மேலெழுதுதல்: டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையிலும் பூஜ்யங்களையோ, அர்த்தமில்லாத எண்களையோ எழுதி நிரப்புவது. புத்தகத்தின் எல்லாப் பக்கங்களிலும் கறுப்பு மை பூசுவதைப் போல. 35 முறை மேலெழுத வேண்டும், 7 முறை எழுத வேண்டும் என்றெல்லாம் சொல்பவர்கள் உண்டு. 35 என்ற எண்ணிக்கை, 1996-ல் பீட்டர் குட்மன் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அது அந்தக் காலத்து டிஸ்க்குகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. இன்றைய ஹார்ட் டிஸ்க்குகளுக்கு, முழுமையாக ஒரு முறை மேலெழுதுவதே பொதுவாகப் போதும் என்கிறது அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டி.

சாவியை அழித்தல்: புதிய மெஷின்கள் பலவற்றில், டிஸ்க்கில் எழுதும்போதே எல்லாவற்றையும் சங்கேதமாக மாற்றி எழுதும் என்கிரிப்ஷன் வசதி இருக்கிறது. டிஸ்க்கைத் தனியே கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், வெறும் குப்பைதான் தெரியும். திருப்பித் தரும்போது அந்தச் சங்கேதத்தின் சாவியை அழித்துவிட்டால் போதும். பூட்டிய பெட்டியின் ஒரே சாவியை உருக்கிவிட்டதற்குச் சமம். மெஷின் வாங்கிய நாளிலிருந்தே என்கிரிப்ஷன் ஆன் செய்யப்பட்டிருந்தால்தான் இது பலிக்கும்.

உடைத்தல்: டிஸ்க்கை வெளியே எடுத்து, துண்டு துண்டாக்குவது. மிகவும் ரகசியமான தகவல் இருந்த டிஸ்க்குக்கும், வேலை செய்யாமல் போன டிஸ்க்குக்கும் இதுதான் நிம்மதி.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். சில புதிய மெஷின்களில் சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி இருக்கும். அதில் தகவல் ஒரே இடத்தில் உட்காராது. சிப்புகள் சீக்கிரம் தேயாமல் இருக்க, அது தானாகவே இடம் மாற்றி மாற்றி எழுதும். ஆகவே, வெளியிலிருந்து மேலெழுதும்போது சில மூலைகள் தப்பிவிடலாம். வலுவான காந்தத்தால் அழிக்கும் முறையும் எஸ்.எஸ்.டி-யிடம் செல்லாது. தயாரிப்பாளரே கொடுத்திருக்கும் அழிப்பு வசதி, சாவி அழிப்பு, அல்லது உடைத்தல்... இவைதான் அதற்குச் சரி.

பொத்தான் மெஷினிலேயே இருக்கிறது

இதற்கெல்லாம் ஹேக்கர் அளவுக்கு அறிவு தேவையா என்றால், இல்லை. பெரிய நிறுவனங்களின் அலுவலக மெஷின்களில் அழிக்கும் வசதி மெனுவுக்குள்ளேயே இருக்கிறது. மாடலைப் பொறுத்துப் பெயர் மாறும். ரிக்கோவில் `எரேஸ் ஆல் மெமரி', கோனிகா மினோல்டாவில் `ஓவர்ரைட் ஆல் டேட்டா', கேனனில் `இனிஷியலைஸ் ஆல் டேட்டா', ஜெராக்ஸில் `இமேஜ் ஓவர்ரைட்' என்று தேடிப் பாருங்கள். அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். சில மாடல்களில் இந்த வசதியைத் தனியாகப் பணம் கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். 2010-ல் ஷார்ப் நிறுவனம், நகல் எடுத்ததும் படத்தைத் தானாக அழிக்கும் வசதியை 500 டாலருக்கு விற்றது.

இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒவ்வொரு வேலை முடிந்ததும் அந்த வேலைக்கான படத்தை மட்டும் தானாக மேலெழுதி அழிப்பது ஒன்று. இது தினசரிப் பாதுகாப்பு. மொத்த டிஸ்க்கையும் ஒரேயடியாக அழிப்பது இன்னொன்று. இது திருப்பி அனுப்பும் நாளுக்கானது. முதலாவது ஆனில் இருக்கிறதே என்று இரண்டாவதை விட்டுவிடக் கூடாது. அட்ரஸ் புக்கும், டாகுமென்ட் பாக்ஸும், பாஸ்வேர்டுகளும் முதலாவதில் அழியாது.

மொத்த அழிப்புக்கு, டிஸ்க்கின் அளவைப் பொறுத்துப் பல மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை மெஷினைப் பயன்படுத்த முடியாது. நடுவில் கரன்ட் போனால் வேலை பாதியில் நின்று, மிச்சத் தகவல் உள்ளேயே தங்கிவிடலாம். ஆகவே, வேன் வாசலில் நிற்கும்போது ஆரம்பிக்கிற வேலை இல்லை இது. குறைந்தது ஒரு நாள் முன்பே முடிக்க வேண்டும்.

``டிஸ்க்கையே கழற்றி வைத்துக்கொண்டால் தொல்லை விட்டதே?'' என்று தோன்றும். இரண்டு சிக்கல்கள். ஒன்று, மெஷின் உங்களுடையது இல்லை. டிஸ்க்கும் லீஸ் நிறுவனத்தின் சொத்து. இரண்டு, பல மெஷின்களில் அது இயங்குவதற்கான மென்பொருளே அந்த டிஸ்க்கில்தான் இருக்கும். கழற்றினால் மெஷின் எழுந்திருக்காது. நஷ்ட ஈடு கேட்டு பில் வரும்.

கையெழுத்துப் போடும் நாளிலேயே பேசுங்கள்

அதனால்தான் இந்தக் கதையை மெஷின் வெளியேறும் நாளில் ஆரம்பிக்காமல், உள்ளே வரும் நாளிலேயே ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. லீஸ் ஒப்பந்தம் போடும்போது மாத வாடகை எவ்வளவு, ஒரு நகலுக்கு எத்தனை பைசா, டோனர் யார் செலவு என்று பேரம் பேசுகிறோம். `முடியும்போது டிஸ்க் என்ன ஆகும்?' என்ற ஒரு கேள்வியை அதோடு சேர்த்துக்கொண்டால் போதும். அன்றைக்கு நீங்கள் புது வாடிக்கையாளர்; நீங்கள் சொல்வதைக் கேட்பார்கள். மூன்று வருடம் கழித்துக் கேட்டால், `அக்ரிமென்ட்ல இல்லையே சார்' என்பதுதான் பதிலாக வரும்.

கவனிக்க வேண்டியவை இவை:

1. மெஷினில் ஹார்ட் டிஸ்க்கோ எஸ்.எஸ்.டி-யோ இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

2. லீஸ் முடியும்போது டிஸ்க்கை அழித்துத் தருவார்களா, அல்லது ஒரு தொகை வாங்கிக்கொண்டு டிஸ்க்கை உங்களிடமே விட்டுவிடுவார்களா என்பதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாகச் சேருங்கள்.

3. மெஷின் வந்த அன்றே என்கிரிப்ஷனையும், தானாக அழிக்கும் வசதியையும் ஆன் செய்யுங்கள். கம்பெனி போட்டுத்தந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

4. இயங்கும் காலத்திலும், மாதம் ஒரு முறையாவது மொத்த டிஸ்க்கையும் மேலெழுதச் சொல்கிறது அமெரிக்க வர்த்தக ஆணையம். அப்படிச் செய்யும் முன் அட்ரஸ் புக், செட்டிங்குகள் அழியுமா என்று சர்வீஸ் இன்ஜினீயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. ரிப்பேரில் டிஸ்க்கை மாற்றினால், பழைய டிஸ்க் இன்ஜினீயரின் பையில் போய்விடாமல் பாருங்கள். அது எங்கே போகிறது என்று எழுதி வாங்குங்கள்.

6. திருப்பி அனுப்பும் முன் மொத்த அழிப்பு, அட்ரஸ் புக், ஃபேக்ஸ் பதிவு, டாகுமென்ட் பாக்ஸ் அனைத்தையும் முடியுங்கள். அழித்ததற்கான ரிப்போர்ட்டை மெஷின் பிரின்ட் செய்து தந்தால் ஃபைலில் வையுங்கள். வெளியாள் அழித்தால், மெஷினின் சீரியல் எண், டிஸ்க்கின் சீரியல் எண், தேதி, கையெழுத்து உள்ள சான்றிதழ் வாங்குங்கள்.

7. மெஷின் போன பிறகு, அது பயன்படுத்திவந்த சர்வர், இ-மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுங்கள்.

8. கடைசியாக, மூடியைத் தூக்கிக் கண்ணாடியைப் பாருங்கள். பேப்பர் ட்ரேக்களையும் இழுத்துப் பாருங்கள். பஃபலோ போலீஸ் மறந்தது அதைத்தான்!

மெஷின் பழுதாகி ஆன் ஆகாமலே போய்விட்டால்? மெஷின் செத்துவிட்டது என்பதற்காக டிஸ்க் செத்துவிடாது. அதன் மெனுவில் போய் அழிக்க முடியாது என்பதால், லீஸ் நிறுவனத்தின் சம்மதத்தோடு டிஸ்க்கைக் கழற்றித் தனியாகத்தான் அழிக்க வேண்டும். பழுதான மெஷினைக் காயலான் கடைக்குப் போடுபவர்களும் இதை மறக்கக் கூடாது.

நம் ஊர் சட்டம் என்ன சொல்கிறது?

இது அமெரிக்கக் கதைதானே என்று விட முடியாது. வெளிநாட்டு அலுவலகங்களில் ஓடிய பழைய காப்பியர்கள் இந்தியாவுக்கும் இறக்குமதியாகின்றன. இங்கே ஓடிய மெஷின்களும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. மருத்துவமனை, வங்கிக் கிளை, ஆடிட்டர் ஆபீஸ், வக்கீல் ஆபீஸ், பள்ளிக்கூடம் என ஆதாரும் பான் கார்டும் மெடிக்கல் ரிப்போர்ட்டும் தினமும் நகலாகும் இடங்கள் இங்கேயும் ஏராளம்.

இந்தியாவில் 2023 ஆகஸ்ட்டில் `டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்' நிறைவேறியது. 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அறிவிப்பிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வருகின்றன. காகிதத்தில் வாங்கி, பிறகு டிஜிட்டலாக மாற்றப்பட்ட தகவலுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். தகவலைப் பாதுகாக்கத் தகுந்த ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால், 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. தேவை முடிந்ததும் தகவலை அழித்துவிட வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ள கடமைதான்.

அலுவலகம் நடத்தாத சாதாரண மக்களும் சிலவற்றைச் செய்யலாம். ஆதார் நகல் கேட்கும் இடத்தில், முழு எண் தேவையில்லை என்றால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் `மாஸ்க்டு ஆதார்' கொடுக்கலாம். பிரின்ட் எடுப்பதற்காகக் கடைக்கு வாட்ஸ்அப்பிலோ பென் டிரைவிலோ கொடுத்த ஃபைலை, வேலை முடிந்ததும் உங்கள் கண்ணெதிரே அழிக்கச் சொல்லலாம். டெலீட் மட்டும் போதாது என்பது இப்போது தெரியும். இருந்தாலும், கண்ணில் படும்படி டெஸ்க்டாப்பில் கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல். நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் பழைய மெஷின் மாறப்போகிறது என்று தெரிந்தால், ``டிஸ்க்கை அழிச்சாச்சா?'' என்று நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்கலாம். உங்கள் சம்பள ஸ்லிப்பும் அதில்தான் இருக்கும்.

நியூஜெர்சிக் கிடங்கில் கிடைத்த அந்தப் புற்றுநோய் அறிக்கைக்கு உரியவர், அந்த மெஷினை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார். லீஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் அவரில்லை. அழிக்க மறந்தவரும் அவரில்லை. ஒரு காப்பீட்டு நிறுவனத்தை நம்பித் தன் காகிதத்தைக் கொடுத்தார், அவ்வளவுதான். ஒவ்வோர் அலுவலகக் காப்பியருக்குள்ளும் அவரைப் போல நம்பிக் கொடுத்தவர்களின் காகிதங்கள்தான் இருக்கின்றன. வேன் வருவதற்கு முந்தைய நாள் யாராவது ஒருவர் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனால், அவர்கள் அனைவரின் ரகசியமும் காப்பாற்றப்படும்.